புஷ்பவல்லி எழுதிய லா

எங்கள் ஆய்வகத்துக்கு வந்த பதினோரு வருடத்தில் புஷ்பவல்லி ஒரு கண்ணாடிச் சாமானைக்கூட உடைத்ததில்லை. உடைத்ததெல்லாம் நான்தான். இருந்தாலும் "பார்த்து, பார்த்து" என்று எச்சரிக்கை வாங்குவது அவராகவும், எச்சரிப்பது நானாகவும் இருக்கும். என் பெயர் பழனிவேல். ஊர் பாடாலூர். பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் மைக்ரோஸ்கோப் அறைக்குப் பொறுப்பாளர். எனக்குக் கோபம் சட்டென்று வரும். என் வீட்டில் விசாரித்தால் இதைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்வார்கள்.

போன வருடம் ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணி வாக்கில், கையில் ஒரு சின்னக் குப்பியை வைத்துக்கொண்டு புஷ்பவல்லி ஒரு கேள்வி கேட்டார். நாலே சொல். கேட்ட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்றைக்கும் பஸ்ஸில் போகும்போது அது ஞாபகம் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புஷ்பவல்லிக்கு ஐம்பத்தொரு வயது. பூலாம்பாடிக்காரர். அப்பா நல்லுசாமிக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் கிடையாது. ஊரார் வயலில் அறுத்து, ஊரார் களத்தில் கதிரடித்துப் பிழைத்த குடும்பம். ஆனால் நெல் அளக்க மட்டும் அவரைத்தான் தேடி வருவார்களாம். மரக்காலைத் தலை தட்டினால் ஒரு மணி கூடாது, ஒரு மணி குறையாது. எண்ணிக்கை பிசகாமல் இருக்க ஒவ்வொரு மரக்காலுக்கும் அதன் எண்ணை இரண்டு மூன்று தடவை பாட்டாக இழுத்துச் சொல்வாராம். ஆறு வயதுப் புஷ்பவல்லி பக்கத்தில் உட்கார்ந்து கூடவே இழுப்பார். அவர் எண்ணப் பழகியது அந்தக் களத்தில்தான். பள்ளிக்கூடம் பிறகு வந்தது, எட்டாம் வகுப்போடு போயும்விட்டது.

இதெல்லாம் எனக்கு அந்த வியாழக்கிழமைக்கு அப்புறம் தெரிந்த சங்கதிகள். அதுவரை பதினோரு வருடமாக அந்த அம்மாளிடம் நான் கேட்ட கேள்விகள் "பாட்டில் காய்ஞ்சிடுச்சா?", "தரை ஏன் ஈரமா இருக்கு?" என்ற அளவோடு சரி.

அவருடைய கணவர் வீரமுத்து அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். ஒருநாள் லாரியின் பின்கதவு இடது கையில் விழுந்து, இரண்டு விரல்களில் உணர்ச்சி போய்விட்டது. கொதிக்கிற டம்ளரைப் பிடித்தாலும் அந்த இரண்டு விரலுக்குத் தெரியாது. அதோடு லாரியை விட்டார். புஷ்பவல்லி காண்ட்ராக்டர் மூலம் எங்கள் கல்லூரிக்குத் துப்புரவு வேலைக்கு வந்தார்.

செல் வளர்க்கும் ஆய்வகத்தில் பாட்டில் கழுவுவது லேசான காரியமில்லை. சோப்பு துளி ஒட்டியிருந்தாலும் செல்கள் செத்துப்போகும். எதனால் செத்தது என்று படித்தவர்கள் மாதக்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். புஷ்பவல்லி வந்த பிறகு அந்தச் சாவு நின்றது. எங்கள் பேராசிரியர் அறிவழகன் சார் அதைக் கவனித்துவிட்டு, "அந்தம்மாவுக்குப் பூசுற வேலையும் கத்துக் கொடுங்க" என்றார். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டே கற்றுக்கொடுத்தேன். ஒரு வாரத்தில் என்னைவிட நன்றாகச் செய்தார். இரண்டாவது வாரம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பூசுவது என்றால் இதுதான். நரம்புச் செல்லை வெறும் கண்ணாடியில் விட்டால் அதற்குப் பிடிமானம் கிடைக்காது, சுருண்டு செத்துவிடும். உடம்புக்குள் நரம்புகள் பிடித்துக்கொண்டு வளர சில புரதங்கள் உண்டு. லாமினின் அதில் ஒன்று. கண்ணாடி டிஷ்ஷில் அந்தப் புரதத்தைக் கரைத்த தண்ணீரை விட்டு, மெல்லச் சாய்த்துச் சாய்த்து அடி முழுவதும் படவைத்து, இளஞ்சூட்டில் இரண்டு மணி நேரம் ஊறவிட வேண்டும். தோசைக்கல்லில் எண்ணெய் விடுவது போலத்தான். ஓர் இடம் விட்டுப்போனால் அந்த இடத்தில் ஒன்றும் தேறாது. பூசி முடித்த டிஷ்ஷைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. எந்தப் புரதம் பூசினாலும் எல்லா டிஷ்ஷும் வெறும் டிஷ் மாதிரிதான் இருக்கும். விளிம்பில் எழுதியிருப்பதைப் படித்தால்தான் உண்டு.

இந்த இடத்தில் தென்றல் வருகிறாள். உடையார்பாளையத்துப் பெண், வயது இருபத்தெட்டு, அறிவழகன் சாரிடம் பிஎச்.டி. அவள் அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கடுமையான தமிழ்ப்பற்று. அவர்கள் வீட்டு வாசல் கதவில் வீட்டு எண்ணைக்கூடத் தமிழ் எண்ணில்தான் எழுதி வைத்திருக்கிறார். தபால்காரர் அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளவே ஒரு மாதம் ஆனதாகத் தென்றல் சொல்லிச் சிரிப்பாள்.

அவளுடைய ஆராய்ச்சி, புரதத்தைத் தானே வடிவமைப்பது. லாமினின் பெரிய புரதம். நரம்புச் செல் அதில் பிடித்துக்கொள்வது சில சின்னத் துண்டுகளைத்தான். தென்றல் அந்தத் துண்டுகளை மட்டும் எடுத்து, வேறொரு எளிய சங்கிலிப் புரதத்தில் தன் இஷ்டப்படி கோத்து, பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்தாள். இப்படி நான்கு. முதலாவதில் துண்டுகள் நெருக்கமாக இருக்கும். இரண்டாவதில் அதே துண்டுகள் முன்பின்னாகக் கலைந்திருக்கும். மூன்றாவதில் விலகி விலகி இருக்கும். நான்காவது வெறும் சங்கிலி. அவள் நம்பிக்கை முழுவதும் முதலாவதின் மேல்தான். விலைகொடுத்து வாங்கும் லாமினினை அது தோற்கடித்தால் போதும், மூன்று வருட உழைப்பு கரையேறிவிடும்.

"இதுல நரம்பு வளந்தா, எங்க வூட்டுக்காரரு வெரலுக்கு உணர்ச்சி வருமா பாப்பா?" என்று புஷ்பவல்லி ஒருமுறை கேட்டார்.

"அதுக்கு இன்னும் ரொம்ப வருஷம் ஆகும்க்கா. இது வெறும் டிஷ்ஷுலதான். ஆனா எங்கயாவது ஆரம்பிக்கணும்ல?" என்றாள் தென்றல்.

"ஆரம்பி, ஆரம்பி. நான் நல்லா பூசித் தரேன்."

ஏற்பாடு இப்படி ஆனது. காலை ஏழரைக்குப் புஷ்பவல்லி இந்த நான்கையும் லாமினினையும் சேர்த்து ஐந்து வகையும் பூசி வைப்பார். தென்றல் பத்து நாள் அடைகாத்த கோழி முட்டையிலிருந்து நரம்புச் செல்களை எடுத்து வந்து, பதினொரு மணிக்கு அந்த டிஷ்களில் விடுவாள். இரண்டு நாள் கழித்து என் அறைக்குக் கொண்டுவந்து படம் எடுத்து, நரம்பு இழைகளின் நீளத்தை அளப்பாள்.

"டிஷ்ஷுல என்ன பாப்பா எழுதட்டும்? எனக்கு இங்கிலீசு எழுத வராதே" என்றார் புஷ்பவல்லி முதல் நாள்.

"உங்களுக்குப் புரியற மாதிரி தமிழ்லயே எழுதுங்கக்கா. நான் படிச்சுக்கறேன்."

அங்கே நான் மூக்கை நுழைத்தேன். மூடியில் எழுதினால் மூடி மாறிவிடும், அடியில் எழுதினால் வெளிச்சத்தை மறைக்கும். ஆகவே, "விளிம்புல மட்டும் எழுதணும். ஒரே எழுத்து. அதுக்கு மேல எழுதினா அந்த டிஷ் என் மைக்ரோஸ்கோப்புக்கு வரக்கூடாது" என்றேன். "சரிங்க சார்" என்றார். கூடவே வழக்கமான இன்னொரு சட்டத்தையும் ஞாபகப்படுத்தினேன்: துப்புரவுப் பணியாளர்கள் மைக்ரோஸ்கோப்பைத் தொடக்கூடாது. அதற்கும் "சரிங்க சார்".

மறுநாள் டிஷ்கள் வந்தன. விளிம்பில் சுத்தமான கையெழுத்து. ஒன்றில் லா. ஒன்றில் க. மற்ற மூன்றில் 2, 3, 4. க என்றிருந்ததைப் பார்த்ததும் தென்றலின் முகம் மலர்ந்துவிட்டது. தமிழ் எண்ணில் ஒன்று என்பது அச்சு அசல் க மாதிரியே இருக்கும்.

"அக்கா! நீங்களும் தமிழ்லயா போடுறீங்க?"

"தமிழ்லதான் பாப்பா போட்டிருக்கேன். தப்பா?"

"தப்பா? எங்கப்பா பாத்தா உங்களுக்கு மாலையே போட்டுடுவாரு!"

லா என்றால் லாமினின். க என்றால் ஒன்று. தென்றல் அப்படித்தான் படித்தாள். நானும் அப்படித்தான் படித்தேன். மற்ற எண்கள் ஏன் சாதாரணமாக இருக்கின்றன என்று எங்கள் இருவர் மண்டையிலும் உறைக்கவில்லை. புஷ்பவல்லியின் 2 வேறு உ மாதிரி சுழிந்திருக்கும். தமிழ் இரண்டும் அப்படித்தான் இருக்கும். சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று.

அப்புறம் எட்டு மாதம். பதினான்கு முறை செய்தாள். பதினான்கு முறையும் ஒரே கதை. லா டிஷ்ஷில் நரம்பு இழைகள் நீள நீளமாக, கிளை கிளையாகப் போகும். க டிஷ்ஷில் வளரும், ஆனால் அதில் பாதிதான். 2, 3, 4 பற்றிப் பேசவே வேண்டாம். தென்றல் படத்தைப் பெரிதாக்குவாள், சின்னதாக்குவாள், மறுபடி அளப்பாள். என் அறை நாற்காலியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுவாள். பெண்பிள்ளை அழுதால் எனக்கு என்ன செய்வதென்று தெரியாது. ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைப்பேன்.

"ஒண்ணாம் நம்பரு ஜெயிக்கலக்கா" என்று வெளியே போய்ச் சொல்வாள். புஷ்பவல்லி தன் டப்பாவைத் திறந்து, வேர்க்கடலையோ அவித்த சோளமோ கொடுப்பார். "நான் இன்னும் நல்லா பூசறேன் பாப்பா" என்பார். அடுத்த நாள் ஏழரைக்குப் பதில் ஏழுக்கே வந்துவிடுவார். லா டிஷ்ஷையும் க டிஷ்ஷையும் இன்னும் கவனமாகப் பூசுவார்.

எட்டாவது மாதம் அறிவழகன் சார் தென்றலைக் கூப்பிட்டார். கடையில் கிடைப்பதைவிட மோசமாக வேலை செய்வதை எதற்கு ஒருவர் வாங்குவார்? ஒண்ணாம் நம்பரைக் கைவிட்டுவிடு, தோற்றது தோற்றதாகவே எழுதி முடி என்று பக்குவமாகத்தான் சொன்னார். அவள் உதவித்தொகைக் காலம் முடிய மூன்று மாதமே பாக்கி. தென்றல் மறுப்புச் சொல்லவில்லை. ஃப்ரீசரில் இடத்தைக் காலிசெய்யச் சார் சொன்னதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒண்ணாம் நம்பர் பாக்டீரியா மொத்தம் மூன்று குப்பிகளில் இருந்தது. புதன்கிழமை மத்தியானமே இரண்டை எடுத்து நீராவிக் கொப்பரையில் வேகவைத்துக் கொட்டிவிட்டேன். மூன்றாவது குப்பி பனிக்கட்டிக்குள் எங்கோ புதைந்து கிடந்ததால் கைக்கு அகப்படவில்லை.

வியாழக்கிழமை தென்றல் அழாமல் வந்தாள். அதுதான் பார்க்க இன்னும் கஷ்டமாக இருந்தது. "அக்கா, ஃப்ரீசர்ல ஒண்ணாம் நம்பர் இன்னொண்ணு இருக்கும். தேடி எடுத்துக் கொட்டிடுங்க" என்றாள். புஷ்பவல்லி கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு தேடி எடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நகரவில்லை.

"லாபத்தையா பாப்பா கொட்டச் சொல்ற?"

தென்றல் நிமிர்ந்தாள். "என்ன லாபம்?"

"இதான். மொதலாவது. லாபம்." குப்பியைத் தூக்கிக் காட்டினார். அதில் தென்றல் தன் கையால் எழுதிய 1 இருந்தது. "நாங்க ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம் பாப்பா. அளக்கறப்ப எங்கப்பா லாபம்னு சொல்லித்தான் ஆரம்பிப்பாரு. லாபம், லாபம், ரெண்டு, ரெண்டு, மூணு, மூணுன்னு. ஒண்ணுன்னு ஆரம்பிச்சா அதோட நின்னுபோயிரும்னுவாங்க. மொத மரக்கால யாராச்சும் கொட்டுவாங்களா? மனசு வரல."

எனக்கு நெஞ்சு பகீரென்றது. ஆனால் எதனால் என்று அந்த நொடியில் புரியவில்லை. புரிந்தது தென்றலுக்குத்தான். அவள் முகம் வெளுத்துவிட்டது. மேசைமேல் இருந்த பழைய டிஷ்களில் லா என்று எழுதிய ஒன்றை எடுத்தாள். விளிம்பை அவர் பக்கம் திருப்பினாள்.

"அக்கா... இது என்ன?"

"லாபம்."

"இது... இது லாமினின் இல்லையா?"

"அது என்னமோ எனக்குத் தெரியாது. சார்தான் ஒரே எழுத்துன்னாரு. லாபத்துக்கு லா போட்டேன்."

"அப்ப இது?" இன்னொரு டிஷ். க.

"கம்பெனி. அந்த மஞ்ச மூடி பாட்டிலு. கம்பெனியிலேருந்து வாங்குறதுன்னு நீதானே சொன்ன? அதான் க."

தென்றல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு மாதம். பதினான்கு முறை. ஒவ்வொரு முறையும் ஒண்ணாம் நம்பர்தான் ஜெயித்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் நாங்கள் அதைக் கடைச் சரக்கு என்று நினைத்து, தோற்ற கடைச் சரக்குக்காக அழுதிருக்கிறோம். நேற்று மத்தியானம் நான் வேகவைத்துக் கொட்டிய இரண்டு குப்பிகளும் கண்முன் வந்தன.

"அக்கா, அந்தக் குப்பி. அந்தக் குப்பிய ஐஸ்ல வைங்க. மொதல்ல ஐஸ்ல வைங்க!" தென்றல் கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டது அன்றுதான்.

புஷ்பவல்லி ஓடிப்போய் வைத்தார். திரும்பி வந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் எதாச்சும் தப்பு பண்ணிட்டேனா சார்?" என்று என்னைக் கேட்டார். தென்றல்தான் அழுகையும் சிரிப்புமாக எல்லாவற்றையும் விளக்கினாள். ஜெயித்துவிட்டது அக்கா, நாம்தான் பெயரை மாற்றிப் படித்திருக்கிறோம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆனால் புஷ்பவல்லியின் காதில் விழுந்தது அது இல்லை. எட்டு மாதம் இந்தப் பெண் அழுதது தன் எழுத்தால் என்பதுதான் விழுந்திருக்கிறது. மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அறிவழகன் சார் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பழைய படங்களை எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னது நியாயம்தான். பழைய படங்களில் பெயரை மாற்றி எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். நமக்கு வேண்டிய மாதிரி மாற்றிக்கொண்டோம் என்பார்கள். முதலிலிருந்து செய்ய வேண்டும். இந்த முறை எது எந்தப் புரதம் என்று வண்ணப்புள்ளி வைத்து அவர் ஒருவர்தான் குறித்துக்கொள்வார். படம் எடுப்பவருக்கும் அளப்பவருக்கும் தெரியக்கூடாது. "பூசறதுக்கு மட்டும் அந்தம்மாதான் வேணும். அவங்க கை மாதிரி வேற கை இல்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் வண்டியை எடுத்துக்கொண்டு பூலாம்பாடிக்குப் போனேன். புஷ்பவல்லி வாசலில் சின்ன வெங்காயத்தைக் குவித்து வைத்துத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். வீரமுத்து எனக்கு நாற்காலி போட்டார். அவருடைய இடது கையின் அந்த இரண்டு விரல்களை அன்றுதான் பார்த்தேன். மடங்கியே இருந்தன.

"நான் மறுபடி பாட்டிலு கழுவறேன் சார். எழுதற வேல வேணாம். அந்தப் புள்ள எத்தன நாளு அழுதுச்சு" என்றார் புஷ்பவல்லி, தலை நிமிராமல்.

"ஒரே எழுத்து எழுதச் சொன்னது நான்தாம்மா" என்றேன். "நீங்க லாபம்னு முழுசா எழுதியிருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்கும்."

அவர் அறுப்பதை நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அதில்ல சார். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நான் பூசினதுல என்ன மொளைக்குதுன்னு எனக்குக் காட்டியிருந்தீங்கன்னா, லாபம் நல்லா வந்திருக்கேன்னு நான் சொல்லியிருப்பேன்ல?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். எனக்கு அது சுலபம். எட்டு மாதம் அந்த டிஷ்களைப் பூசியவர் அவர். அவற்றில் என்ன வளர்ந்தது என்று ஒருமுறைகூடப் பார்க்காதவரும் அவர் ஒருவர்தான். காரணம், என் சட்டம். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் வீட்டு வாசலில், அவர் கணவர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன். வீரமுத்து பதறிப்போய், "அய்யய்யோ, என்னங்க சார் நீங்க" என்றார். புஷ்பவல்லி பதறவில்லை. "திங்கக்கெழம வரேன்" என்றார்.

அந்த ஒற்றைக் குப்பியிலிருந்து பாக்டீரியா மறுபடி வளர்ந்தது. அது வளரும்வரை தென்றல் சரியாகச் சாப்பிடவில்லை, நானும்தான். புதிதாகப் புரதம் எடுத்து, புதிய லாமினின் வாங்கி, மூன்று முறை செய்தோம். குப்பிகளுக்கும் டிஷ்களுக்கும் அறிவழகன் சார் வண்ணப்புள்ளி வைத்தார். புஷ்பவல்லி எதுவும் எழுதாமல் பூசினார்.

நீளத்தைக் கம்ப்யூட்டர் அளந்துவிடும். ஆனால் ஒரு டிஷ்ஷில் எத்தனை செல்கள் இழை விட்டிருக்கின்றன என்பதை மனிதக் கண்தான் எண்ண வேண்டும். ஆசை இல்லாத கண்ணாக இருக்க வேண்டும். தென்றல் எண்ணக்கூடாது, நானும் அந்தத் தகுதியை இழந்திருந்தேன். "புஷ்பவல்லிம்மா எண்ணட்டும் சார்" என்று நானே சொன்னேன். அறிவழகன் சார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

என் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணை வைத்தார். நானும் தென்றலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். புஷ்பவல்லியின் கை தானாக வாய்க்குப் போயிற்று.

"இதெல்லாம் நம்ம பூசினதா?" என்றார். "இப்படியா ஓடும்? யம்மாடி! ஒண்ணு இன்னொண்ணத் தேடிக்கிட்டுல்ல போவுது!"

"ஆமாக்கா. பிடிக்க எடம் கெடைச்சா போகும்."

"உசுரோடவா இருக்கு?"

"உசுரோடதான்."

அவர் மறுபடி குனிந்தார். "இத எட்டு மாசமா..." என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "எண்ணுங்கம்மா, நான் எழுதிக்கறேன்" என்றேன்.

அவர் எண்ணத் தொடங்கினார். உதடு பிரிந்து, நாக்கு மேலே எழும்பியது எனக்குத் தெரிந்தது. அவர் அப்பாவின் லாபம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். நாக்கு அப்படியே நின்றது. வாயை மூடினார். எச்சிலை விழுங்கினார்.

"ஒண்ணு" என்றார். "ரெண்டு. மூணு."

பேனா என் கையில் நின்றுவிட்டது. அதிர்ச்சிகளெல்லாம் முடிந்துவிட்டன என்று நினைத்திருந்தேன். குறுக்கே பேசினால் எண்ணிக்கை பிசகும் என்பதால் வாயைத் திறக்கவில்லை. பேசாமல் எழுதினேன்.

மூன்று முறைக்கான குறிப்புகளையும் அறிவழகன் சார் ஒரே நாளில் பிரித்தார். ஒண்ணாம் நம்பர் ஜெயித்தது. முன்பு நாங்கள் பார்த்த அளவுக்கு இரண்டு மடங்கு இல்லை. புதிய லாமினின் பழையதைவிட நன்றாகவே வளர்த்தது. இருந்தாலும் அதைவிட ஒன்றரை மடங்கு நீளம், மூன்று முறையும். செல்களின் எண்ணிக்கையும் அதிகம். சார் எழுந்து நின்று தென்றலுக்குக் கை கொடுத்தார். அவள் கையைக் கொடுத்துவிட்டு வெளியே ஓடினாள். கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற புஷ்பவல்லியைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, ஜெயிச்சிடுச்சு! நம்ம லாபம் ஜெயிச்சிடுச்சுக்கா!"

புஷ்பவல்லி அவள் கண்ணைத் தன் புறங்கையால் துடைத்துவிட்டார். சந்தோஷமாகத்தான் சிரித்தார்.

"ஒண்ணுன்னு சொல்லு பாப்பா" என்றார். சொல்லிவிட்டு, மேசைமேல் கிடந்த டிஷ்களைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார்.